ஒன்பது சிவப்புப் பத்திகள்

கெசியா தானாகவே வேலையை விட்டுவிட்டார் என்று எங்கள் அலுவலகத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உடம்பு சரியில்லையாம் என்கிறார் ஒருவர். பழைய கம்பெனியிலேயே திரும்பக் கூப்பிட்டுவிட்டார்களாம் என்கிறார் இன்னொருவர். முதலாளி பிரசன்னாவோ, வருகிற எழுத்தாளர்களிடமெல்லாம் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "ஒரு டெக்னிக்கல் மிஸ்டேக் ஆயிடுச்சு, அவங்களால அதைத் தாங்க முடியல" என்கிறார். அத்தனையும் பொய். பக்கத்து மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவன் நான். என் பெயர் ஏகநாதன், பதிப்பகத்தில் பிழை திருத்துபவன். ஒரு ஒற்று விட்டுப்போனால் பதறுகிறவன் இந்தப் பொய்யை மட்டும் எப்படி விடுவேன்?

கெசியாவுக்கு முப்பத்தெட்டு வயது. சேலையூரில் மாதாக்கோயிலுக்குப் பின்தெருவில் வீடு. அப்பா சுவிசேஷமுத்து கணக்கு வாத்தியாராக இருந்து காலமானவர். அம்மா தபீதாள் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடமாடுகிறார். கெசியா பதினோரு வருடம் சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தவர். அடுத்தவர் எழுதிய நிரலில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் வேலை. அம்மா விழுந்த பிறகு, வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன் என்று கேட்டார். முடியாது என்றார்கள். சரி போங்கள் என்று வந்துவிட்டார். வீட்டுக்குப் பக்கத்திலேயே, வேளச்சேரி சாலையில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்த எங்கள் பதிப்பகத்தில் சேர்ந்தார்.

வந்த முதல் வாரத்திலேயே எங்களைப் பார்த்து அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நியாயமான கோபம்தான். இப்போதெல்லாம் யாரும் தாளில் எழுதித் தருவதில்லை. ஒருவர் கணினியில் ஒரு செயலி வைத்திருப்பார், இன்னொருவர் போனில் வேறொன்று. ஒவ்வொரு செயலியும் எழுத்தைத் தனக்குத் தெரிந்த மாதிரி ஒரு கோப்புக்குள் பூட்டி வைத்துக்கொள்ளும். எங்களுக்கோ இணையதளத்துக்கும் சரி, அச்சுக்கும் சரி, மார்க்டவுன் வேண்டும். மார்க்டவுன் என்றால் ஒன்றுமில்லை, வெறும் எழுத்து. தலைப்புக்கு முன்னால் ஒரு கட்டக்குறி (#), அழுத்திச் சொல்ல வேண்டிய சொல்லுக்கு இரண்டு பக்கமும் நட்சத்திரம், அவ்வளவுதான். அதை எந்தக் கணினியும் படிக்கும், இன்னும் முப்பது வருடம் கழித்தும் படிக்கும். நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்றால், அத்தியாயம் அத்தியாயமாகத் திறந்து, நகல் எடுத்து, ஒட்டி, கையால் நட்சத்திரம் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு நாவலுக்கு ஒரு வாரம். அதிலும் எங்காவது ஒரு பக்கம் காணாமல் போய்விடும்.

"மனுஷங்க செய்ற வேலையா சார் இது?" என்று என்னைக் கேட்டார். மறுநாள் கணினிக்குக் கட்டளை தட்டும் கறுப்புத் திரையைத் திறந்துவைத்து உட்கார்ந்தார். மூன்று நாளில் அறுபது வரியில் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது ஒரு குட்டி நிரல், எழுதி முடித்தார். கோப்புகள் இருக்கும் இடத்தைச் சொல்லி ஒரு வரி தட்டி என்டரை அழுத்தினால், நாற்பது அத்தியாயமும் தும்மி முடிப்பதற்குள் மார்க்டவுனாகி வரிசையில் நிற்கும். இன்னொரு வரி தட்டினால் இணையதளத்தில் ஏறிவிடும்.

ஆனால் அதை அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பியதில்லை. அசல் கோப்புகளைத் தொடவே மாட்டார், தனியாக எடுத்து வைத்துவிடுவார். மாற்றிய பிறகு அசலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எல்லாவற்றையும் ஒரு ஓட்டம் பார்ப்பார். 'சிஸ்டம் அப்படிப் பண்ணிடுச்சு' என்று யாராவது சொன்னால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "சிஸ்டம் ஒண்ணும் பண்ணாது. யாரோ சொன்னதைத்தான் அது செய்யும். யார் சொன்னாங்கன்னு சொல்லுங்க" என்பார். பிரசன்னாவுக்கு இது பிடிக்காது. அவருக்கு வேகம் வேண்டும்.

சரசுவின் புத்தகம் கெசியா கொண்டுவந்ததுதான். சரசு, சிறுசேரியில் கெசியா வேலை பார்த்த மாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர். சென்னைக்குள் ஒரு கால்வாய் ஓரத்தில் பிறந்து வளர்ந்து, அங்கிருந்து அப்புறப்படுத்தப்பட்டு, அரசு கட்டிய பெரும்பாக்கம் குடியிருப்பில் எட்டாவது மாடிக்கு வந்தவர். சாமான்களை லாரியில் ஏற்றிய அன்று என்ன நடந்தது, புது இடத்தில் முதல் மழைக்கு என்ன ஆனது என்று அவர் காபி மெஷினுக்குப் பக்கத்தில் நின்று சொல்வதைக் கேட்டு, "எழுதுங்க அக்கா" என்று சொன்னது கெசியா. சரசு எழுதினார். கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும், போனில், மூன்று வருடம். நூற்று நாற்பத்து மூன்று குறிப்புகள்.

முழங்கால் போன பிறகு சரசு துடைக்கிற வேலையை விட்டுவிட்டு, தன் வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்திருந்தார். அந்தக் குடியிருப்பில் பெண்கள் விடியற்காலை ஐந்தரைக்கு பஸ் பிடிக்க வேண்டும். கைப்பிள்ளையை எங்கே விடுவது? பதினெட்டுப் பிள்ளைகளைச் சரசுவிடம் விட்டுவிட்டுப் போனார்கள். சாவி, சாப்பாட்டு டப்பா, மருந்துச் சீட்டு எல்லாம் அவரிடம்தான். அந்த நம்பிக்கைதான் அவருடைய சொத்து, வேறு ஒன்றும் இல்லை.

போன புத்தகக் காட்சிக்கு முன்னால் பிரசன்னா ஒரே வாரத்தில் மூன்று புத்தகம் என்று தீர்மானித்தார். சரசுவின் புத்தகத்திலிருந்து நீளமான ஒரு பகுதி, 'எட்டாவது மாடி' என்ற தலைப்பில், முதல் நாளே இணையதளத்தில் வந்தாக வேண்டும். கெசியா ஒரு நாள் அவகாசம் கேட்டார்.

"புது ஆப் பிரசன்னா, இந்த வகை ஃபைல் நாம இதுவரைக்கும் எடுத்ததில்ல. எல்லாத்தையும் ஒருவாட்டி பாத்துடறேன்."

"ஸ்கிரிப்ட் எதுக்கு எழுதினோம் கெசியா? பாக்கறதுக்கா? பத்துல ஒண்ணு பாருங்க, போதும்."

பத்துக்கு ஒன்று என்று பதினான்கு குறிப்புகளைத் திறந்து ஒப்பிட்டுப் பார்த்தார். பதினான்கும் சரியாக இருந்தன. மார்க்டவுனை அச்செடுத்து என்னிடம் தந்தார். நான் ஒற்றுகளைத் திருத்தினேன். இணையதளத்தில் ஏற்றினோம்.

ஏற்றிய ஐந்தாம் நாள், காலை பதினோரு மணி இருக்கும். சரசு இரண்டு மாடி ஏறி வந்து நின்றார். மூச்சு வாங்கியது. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. போனைக் கெசியாவின் மேசையில் வைத்தார். வைத்தாரா, அடித்தாரா என்று சொல்ல முடியாது.

"இன்னா மேடம் இது? நான் எப்போ இப்டி சொன்னேன்?"

திரையில் எங்கள் இணையதளத்துப் பத்தி ஒன்று படமாக இருந்தது. யாரோ அதைச் சுற்றி வட்டம் போட்டு, 'அவங்க ஆளே ஒத்துக்கறாங்க பாருங்க' என்று எழுதியிருந்தார்கள். பெருங்களத்தூர் பக்கத்துப் புது அடுக்ககம் ஒன்றின் வாட்சப் குழுவில் தொடங்கி ஊரெல்லாம் சுற்றியிருந்தது. அந்தப் பத்தி இது:

'நான் வெளிப்படையா சொல்றேன், இந்த ஜனங்களுக்கு வீடு குடுத்ததே தப்பு. புள்ளைங்கள அவுத்து வுட்டுட்டு வேலைக்குப் போயிடுறாளுங்க. இவளுங்க பெத்த புள்ளைங்க உருப்படுமா? நம்ம கையால ஒரு நோட்டு குடுத்தாக்கூட அடுப்புல வெச்சிடுவாளுங்க.'

"பதினெட்டுப் புள்ளைங்க வரும் எங்கிட்ட. முந்தாநேத்து ஆறு. நேத்து ரெண்டு. இன்னிக்கு ஒண்ணுகூட வர்ல. எதுத்த வூட்டு காமு, என் மூஞ்சிக்கு நேரா காறித் துப்பிட்டுப் போறா. லிஃப்டுல நான் ஏறுனா எறங்கிக்கிறாளுங்க. நான் எங்க மேடம் போவேன்? இன்னொரு எடத்துக்கு யாரு இட்டுனு போவா என்னை?"

கெசியா அசல் கோப்பைத் திறந்தார். நான் எழுந்து போய்ப் பின்னால் நின்று பார்த்தேன். அந்தப் பத்தி முழுக்கச் சிவப்பு எழுத்தில் இருந்தது.

"அக்கா, இது யார் பேசறது?"

"புள்ளைங்களுக்கு நோட்டு புக்கு குடுக்க வந்துச்சே ஒரு அம்மா, கண்ணாடி போட்டுகினு, கூட ரெண்டு கேமராக்காரனுங்களோட. அது கூட வந்தவங்க கைல சொன்னது. நான் பக்கத்துல நின்னுகினு கீறேன், எனக்குக் காது இல்லன்னு நெனச்சிகிச்சு. அதான் செவப்புல போட்டுகீறேனே!"

"ஏன் சிவப்பு?"

"புக்குல யாராச்சும் பேசுனா ரெண்டு பக்கமும் சின்னதா கோடு போடுவாங்கள்ல, அது போன்ல எங்க கீதுன்னே எனக்குத் தெர்ல. தேடித் தேடி பேஜாராயிட்டேன். கலரு மேலயே கீது. ஊராரு பேசுனா செவப்பு, நான் பேசுனா கறுப்பு. படிக்கிறவங்களுக்குப் புரியாதா இன்னா?"

புரிந்திருக்கும், சிவப்பு இருந்திருந்தால். மார்க்டவுனில் நிறத்துக்கு இடமில்லை. ஸ்கிரிப்ட் நட்சத்திரம் போட்டது, தலைப்புக்குக் கட்டக்குறி போட்டது, நிறம் வந்த இடத்தில் சத்தமில்லாமல் அதை உதறிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு எச்சரிக்கைகூடக் காட்டவில்லை. நூற்று நாற்பத்து மூன்றில் ஒன்பது குறிப்புகளில் சிவப்புப் பத்திகள். கெசியா திறந்து பார்த்த பதினான்கில் அந்த ஒன்பதில் ஒன்றுகூட இல்லை. மூன்று வருடம் தன் ஜனங்களுக்காக எழுதிய பெண்ணின் வாயில், அந்த ஜனங்களை ஏசியவளின் பேச்சைத் திணித்துவிட்டோம்.

வேறு யாராக இருந்தாலும் செயலி மேல் பழி போட்டிருப்பார்கள். கெசியா, "என் தப்பு அக்கா. நான் எழுதின ஸ்கிரிப்ட். நான் பாத்திருக்கணும்" என்றார். பிறகு எழுந்து பிரசன்னாவின் அறைக்குப் போனார். சரசுவும் பின்னால் போனார். நானும் போனேன்.

பிரசன்னா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மறுத்தால் என் முன்னால் வந்து மறுக்கட்டும்.

"இப்ப எடுத்தோம்னா நாமதான் தப்பு பண்ணோம்னு ஆயிடும் கெசியா. நாப்பதாயிரம் பேர் படிச்சிருக்காங்க. நம்ம சைட்ல எதுவும் இப்படிப் போனதில்ல. ப்ரீ ஆர்டர் வந்துட்டிருக்கு. ரெண்டாவது எடிஷன்ல பாத்துக்கலாம்." சரசுவின் பக்கம் திரும்பி ஒரு சிரிப்பு வேறு. "சரசம்மா, ஃபீல் பண்ணாதீங்க. நீங்க ஃபேமஸ் ஆயிட்டீங்க."

ஒரு பெண் வாழ வழியில்லாமல் போய் எதிரே நிற்கிறாள், இந்த மனிதன் எத்தனை பேர் படித்தார்கள் என்று கணக்குச் சொல்கிறான்! வாயைத் திறந்து ஏதாவது சொன்னேனா என்றால், இல்லை. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

கெசியா தன் மேசைக்குத் திரும்பினார். பக்கத்தில் நாற்காலி போட்டு, "உக்காருங்க அக்கா" என்றார். இந்த முறை சரசு உட்கார்ந்தார். ஸ்கிரிப்டைத் திறந்து, நிறம் கண்ட இடத்தில் நின்றுவிடும்படி ஏழெட்டு வரி சேர்த்தார். அது ஒன்பது முறை நின்றது. ஒன்பது முறையும், "இது யாரு அக்கா?" என்று கேட்டு, சரசு சொன்ன ஆளைப் பத்திக்கு முன்னால் போட்டு, பேச்சை மேற்கோளுக்குள் வைத்தார். நோட்டு கொடுக்க வந்த அம்மாள். லாரி டிரைவர். கால்வாய் ஓரத்தில் கதவைத் தட்டியவன். கடைசியில் பக்கத்தின் உச்சியில் ஒரு குறிப்பு எழுதினார்:

'முன்பு வெளியான வடிவத்தில் பிறர் பேசியவை சரசு பேசியதாக வந்துவிட்டன. அவர் அவற்றைக் கண்டித்தே எழுதியிருக்கிறார். கோப்பை மாற்றியது நான். தவறு என்னுடையது. கெசியா சுவிசேஷமுத்து.'

பிரசன்னா வெளியே வந்துவிட்டார். "கெசியா, நான் சொல்ற வரைக்கும் பப்ளிஷ் பண்ணக் கூடாது."

"அன்னைக்கு நான் ஒரு நாள் டைம் கேட்டேன், நீங்க தரல. இன்னைக்கு நீங்க கேக்கறீங்க, நானும் தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அவர் கண் முன்னாலேயே என்டரை அழுத்தினார்.

பத்து நிமிடத்தில் அவருடைய கடவுச்சொல்லை முடக்கினார்கள். பையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். இதற்குப் பெயர்தான் 'தானாக விட்டுவிட்டார்'! போலீசுக்குப் போவேன் என்று சரசு சத்தம் போட்டதால் திருத்திய பாடத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். கெசியா எழுதிய குறிப்பை அன்றைக்கே தூக்கிவிட்டார்கள். இணையதளத்தைப் படிக்கிற யாருக்கும் தப்பு நடந்ததாகவே இனி தெரியாது. வட்டம் போட்ட அந்தப் படம் மட்டும் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கெசியா இப்போது வீட்டிலிருந்தே இரண்டு சின்னப் பதிப்பகங்களுக்குக் கோப்பு மாற்றித் தருகிறார்.

அன்று பையோடு படிகளில் இறங்கும்போது கெசியா என்னைத் திரும்பிப் பார்த்தார். "சைட்ல திருத்தி என்ன சார் பிரயோஜனம்? அந்தப் பொம்பளைங்க சைட்டா பாக்கப் போறாங்க? நான் நேர்ல போறேன். அசல் என் பென் டிரைவ்ல இருக்கு. நீங்க வர்றீங்களா?"

போனேன். மேடவாக்கம் வழியாக பஸ் மாறி, பெரும்பாக்கம் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தரை. கம்பெனி பஸ்கள் திரும்பி வருகிற நேரம். கீழ்த்தளத்தில் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் பதினைந்து இருபது பெண்கள் குடங்களோடு நின்றிருந்தார்கள். அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட இல்லை சிலர். எங்களுக்கு முன்னாலேயே வீடு திரும்பியிருந்த சரசு கொஞ்சம் தள்ளி, தனியாக, தன் குடத்தோடு.

கெசியா வணக்கம்கூடச் சொல்லவில்லை. ஒரு குடத்தைக் கவிழ்த்து அதன் மேல் தன் சொந்த மடிக்கணினியை வைத்தார். "சரசு அக்கா எழுதினதை நான்தான் கெடுத்தேன். எப்படிக் கெடுத்தேன்னு காட்டறேன், பாத்துட்டு என்னைத் திட்டுங்க" என்றார். 'எட்டாவது மாடி'யை முதலிலிருந்து படித்தார். சிவப்பு வந்த இடமெல்லாம் நிறுத்தி, திரையைத் திருப்பிக் காட்டினார். நோட்டு அம்மாளின் பத்தி முடிந்ததும், சில குறிப்புகள் தள்ளிச் சரசு கறுப்பில் எழுதியிருந்ததையும் படித்தார். 'அந்த அம்மாவுக்கு நான் ஒண்ணும் சொல்லல. காமு புள்ள எம் மடியில தூங்கிகினு இருந்துச்சு. எழுப்ப மனசு வர்ல. இல்லன்னா நாலு வார்த்த கேட்டிருப்பேன்.'

காமு வாயைப் பொத்திக்கொண்டாள். இடுப்பிலிருந்த பையனை இறுக்கிக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சரசுவிடம் போய், "அப்போ நீ சொல்லலியா சரசு?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விதான் சரசுவுக்குப் பொறுக்கவில்லை.

"இப்ப வந்து கேக்குறியா? மிஷினுக்குக் கலரு தெர்ல, வுடு. ஒனக்கு என்னைத் தெரியாதா? இவனுக்கு ஜொரம் வந்து இழுத்துகினு கெடந்தப்போ எட்டு மாடி தூக்கினு எறங்குனது யாரு? லாரில ஒண்ணா ஏறி வந்தோமேடி! கதவு எதுத்தாப்புல கீது. ஒரு வாட்டி தட்டி, ஏய் சரசு, நீயா சொன்னன்னு கேக்கத் தோணுச்சா ஒருத்திக்காச்சும்? எவனோ எழுதி அனுப்பினான்னு நம்புனீங்களே, இத்தினி வருஷம் கூட இருந்த என்னை நம்புனீங்களா?"

ஒரு குடம் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது, குழாயை மூட யாருக்கும் கை வரவில்லை. காமு அழுதபடி பையனை நீட்டினாள். சரசு அவளைப் பார்க்காமல் பையனை மட்டும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "புள்ள இன்னா பண்ணும். காலையில எல்லாத்தையும் கொணாந்து வுடுங்க. பஸ்ஸ வுட்டுடாதீங்க" என்றார். குரலில் மன்னிப்பு இல்லை.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். அதுவரை நான் அங்கே இருப்பதையே அவர் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

"நீதானே சார் தப்பெல்லாம் பாத்துத் திருத்துறவரு?"

"ஆமாம்மா."

"அந்த அம்மா பேசுனது, அத்த நீ படிச்சியா?"

"படிச்சேன்."

"நான் சொன்னதுன்னே நெனச்சியா?"

நினைத்தது மட்டுமில்லை. தன் ஜனங்களையே இப்படிக் கேட்கிறாளே, என்ன துணிச்சல் என்று வியந்து, அந்தப் பத்தியின் ஓரத்தில் பென்சிலால் 'அபாரம்' என்று எழுதியிருந்தேன். அந்தத் தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பொய் சொல்லியிருக்கலாம், வரவில்லை.

"ஆமாம்மா. நெனச்சேன்."

சரசு பையனின் முதுகைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

"அந்த மேடம் பாக்காத வுட்டுட்டாங்க" என்றார். "நீ பாத்த சார். பாத்துட்டு, இவ இப்டித்தான் பேசுவான்னு நம்புன."